மந்தன் யார்? — நன்னூலின் மாணாக்கர் பகுப்பும் வாசிப்பு இடர்ப்பாடும்

நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பயிலாத தமிழ் மாணவர் இலர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் யாத்த அந்நூலின் முகப்பில், நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகிய ஐந்தன் இயல்பும் முறையே வகுத்துரைக்கப்படுகின்றன. இவற்றுள் மாணாக்கர் பகுப்பு இலக்கண வகுப்பின் எல்லையைக் கடந்து ஆசிரியர்தம் அன்றாடப் பேச்சிலும் இடம்பெற்றுவிட்டது. இல்லிக்குடம், எருமை என்னும் உவமைகளைப் பள்ளியிற் கேளாதவர் சிலரே. பகுப்பு வழங்கும் அளவிற்கு, அதனையடுத்தும் அதற்கு முன்னும் உள்ள பகுதிகள் வழங்கவில்லை.

இப்பகுப்பை, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடுடைய மாணவரை முன்வைத்து மீண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி வெறும் நூலாராய்ச்சியன்று. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இன்று நன்னூல் பயில்வோர் நாளை பள்ளிகளில் எழுத்தறிவிப்போர் ஆவர். அவர்கள் ஒரு சிறுவனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது அவன் பள்ளியில் நிலைத்தலையும் நீங்குதலையும் உறுதிசெய்வதாகும்.

1. இடர்ப்பாட்டின் இயல்பு

முதற்கண் இவ்விடர்ப்பாடு யாது என்பதைத் தெளிதல் வேண்டும். 1877ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் ஆடல்ப் குஸ்மால், கண்ணும் பேச்சும் அறிவும் குன்றாதிருந்தும் எழுதிய சொல்லைப் படிக்கவியலாத நிலையைச் ‘சொற்குருடு’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினார். 1887இல் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் டிஸ்லெக்சியா என்னும் சொல்லைப் படைத்தார். இவ்விருவரும் நோய்ப்பட்ட முதியோரையே ஆராய்ந்தனர். பிறவியிலேயே இவ்விடர் அமையக்கூடும் என்பதை 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் வெளியிட்ட சிறு குறிப்பே பரவச் செய்தது. அவர் கண்ட சிறுவனுக்கு அகவை 14. ஏழாம் அகவையிலிருந்து முயன்று கற்பித்தும் எளிய சொற்களையே அவன் எழுத்துக்கூட்டி அல்லற்பட்டுப் படித்தான். தன் பெயரையும் பிழைபட எழுதினான். ஆயின் கணக்கில் அவன் இடர்ப்பட்டிலன். பாடங்கள் முழுவதும் வாய்மொழியாகவே அமையுமாயின் பள்ளியில் அவனே தலைசிறந்த மாணவன் ஆவான் என்பது அவனுடைய ஆசிரியர் கருத்து. அவ்வாசிரியர் கருத்தினை நினைவிற் கொள்க. நன்னூலை ஆராயுங்கால் அது பெரிதும் பயன்படும்.

பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் அறியப்பட்டன சில. இவ்விடர்ப்பாடு மூளை வளர்ச்சியின் அமைப்பைச் சார்ந்தது; பெரும்பாலும் குடும்பவழி வருவது; அறிவுக் குறையாலோ, கண்பார்வைக் குறையாலோ, சோம்பலாலோ உண்டாவதன்று. சொல்லின் ஒலியைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்துணர்தலும், அக்கூறுகளை வரிவடிவத்தோடு விரைந்து இணைத்தலும் இவர்களுக்கு அரியவாகின்றன. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்க்கு இஃது உண்டு எனப் பொதுவாகக் கூறுவர்; வரையறைக்கேற்ப இவ்வளவு கூடவும் குறையவும் செய்யும். இதனை முற்றிலும் மாற்றும் மருந்து இல்லை. முறையான கற்பித்தலால் படிக்கக் கற்கலாம். ஆயினும் படிப்பின் விரைவு பிறரினும் குறைந்தே நிற்பது பெரும்பான்மை.

2. நன்னூல் கூறுவன

இனி நன்னூலுக்கு வருவோம். மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாக வகுத்த பவணந்தியார், தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் ஆவையும், இடைமாணாக்கர்க்கு நிலத்தையும் கிளியையும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றையும் உவமை கூறினார். இவர்க்கும் அப்பால், நூல் கற்பிக்கத் தகாதவர் எனச் சிலரை விலக்கினார். அவ்விலக்குப் பட்டியலில் களிப்பன், கள்வன், சினத்தன் முதலியோரோடு மடியன், பிணியன், மந்தன், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தன் ஆகியோரும் அடங்குவர்.

வாசிப்பு இடர்ப்பாடுடைய சிறுவன் ஒருவனை வகுப்பில் நோக்குவோர்க்கு இப்பெயர்கள் அனைத்தும் அவனுக்குப் பொருந்துவன போலத் தோன்றும். நேற்றுப் படித்த சொல்லை இன்று மறந்தான் ஆதலின் இல்லிக்குடம். ஒரு வரியில் நில்லாது அடுத்த வரிக்குத் தாவினான் ஆதலின் ஆடு. எழுதச் சொன்னால் காலந்தாழ்த்தினான் ஆதலின் மடியன். பிறர் ஒரு பக்கம் படிக்குங்கால் இவன் ஒரு வரி படித்தான் ஆதலின் மந்தன். புத்தகத்தைத் திறந்தவுடன் நடுங்கினான் ஆதலின் நூற்கு அஞ்சுவோன். ஒரே இயற்கை ஐந்து குற்றங்களாகப் பெயர் பெற்றமை காண்க. வெளித்தோற்றத்தை நோக்கிப் பெயரிடும் பகுப்பு, காரணத்தை நோக்காதவிடத்து இவ்வாறே முடியும்.

ஆயினும், இப்பெயரீட்டிற்கு நன்னூல் உடன்படுமா என்பதே வினா. உடன்படாது என்பது எம் கருத்து. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நன்னூல் மாணாக்கனை அளக்கும் கருவி செவியே, கண்ணன்று. பாடங்கேட்டல் என்றே அப்பகுதி பெயர் பெற்றது. மாணாக்கன் செவியை வாயாகவும் நெஞ்சைக் கொள்கலமாகவும் கொண்டு கேட்டவற்றை விடாது உள்ளத்து அமைத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. கேட்டதனை ஒருமுறைக்கு இருமுறை, மும்முறை கேட்டலால் பிழை நீங்கும் என்பதும் ஆண்டே கூறப்படுகிறது. ஏட்டை நோக்கி விரைந்து படித்தல் மாணாக்கன் தகுதியாக யாண்டும் வைக்கப்படவில்லை. எனவே நன்னூலின் மந்தன், கேட்டும் கொள்ளாதவனே. கேட்டுக்கொண்டு, கண்டு படிக்க இயலாதவனை அச்சொல் சுட்டாது. மார்கன் கண்ட சிறுவன் பவணந்தியாரிடம் பாடங்கேட்டிருப்பின், அவனை அவர் கடைமாணாக்கருள் வைத்திரார் என்று துணியலாம்.

இரண்டாவது, பொதுப்பாயிரத்தின் வைப்புமுறை. ஆசிரியன் இயல்பும் பாடஞ்சொல்லும் முறையும் கூறிய பின்னரே மாணாக்கன் இயல்பு கூறப்படுகிறது. ஆசிரியர்க்கும் இழிந்த உவமைகள் உள: கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இட்ட முறையிற் கொடாது தாறுமாறாகக் கொட்டும் கழற்பெய்குடம் போன்ற ஆசிரியரிடம் எழுத்தறியாது நின்ற சிறுவனை இல்லிக்குடம் எனல் எங்ஙனம் பொருந்தும்? முதற்கண் கொடுத்த குடத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே கொண்ட குடத்தை ஆராய்தல் முறை. இம்முறையை வைப்பே உணர்த்துகிறது.

மூன்றாவது, பாடஞ்சொல்லும் முறையில், கொள்பவன் எவ்வாறு கொள்ளவல்லன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு, விரையாமலும் வெகுளாமலும் ஆசிரியன் உரைத்தல் வேண்டும் என்கிறது நன்னூல். மாணாக்கரைப் பகுத்த உவமைகள் எல்லாவற்றினும் இவ்விதி ஒன்றே பெரிது. பகுப்பு, மாணவன் இத்தகையன் என முடிவு கூறுகிறது. இவ்விதி, அவன் எத்தகையன் எனக் கேட்கச் செய்கிறது.

இங்கு ஒரு தடை எழலாம். நன்னூல் இலக்கணம் கற்க வரும் வளர்ந்த மாணாக்கனையே கருதிற்று. அரிச்சுவடி கற்கும் சிறுவனைக் கருதவில்லை என்பர். அத்தடை எம் கருத்திற்கு அரணே ஆகும். மேல்வகுப்பிற்கு உரியதாக அமைந்த பகுப்பை முதல் வகுப்பில் எழுத்தறியும் சிறுவன்மீது ஏற்றுதல் தகாது என்பதே அதனாற் பெறப்படும்.

எனினும், நன்னூலை முற்றும் குற்றம் நீங்கியதாகக் காட்டுதலும் நடுநிலையாகாது. மந்தனுக்கும் பிணியனுக்கும் நூல் பகரார் என்னும் விலக்கு, இக்காலத்திற்கு ஏலாதது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையுள்ள எல்லாச் சிறார்க்கும் கல்வியை உரிமையாக்கிற்று. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டது. டிஸ்லெக்சியாவும் அதனுள் அடங்கும். விலக்கும் அதிகாரம் இன்று எவ்வாசிரியர்க்கும் இல்லை. ஆதலின் விலக்குப் பட்டியலை வரலாறாகவும், பாடஞ்சொல்லும் விதியை வழிகாட்டியாகவும் கொள்ளுதல் வேண்டும்.

கல்வியையும் கண்ணையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கிற்கும் இங்கு விளக்கம் வேண்டும். கல்லாதவர் முகத்திலிருப்பவை புண்களே என்னும் கருத்துத் திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் உண்டு. அதனைப் படிக்கத் தடுமாறும் சிறுவன்மீது எறிவோர், இரண்டு அதிகாரங்கள் கடந்து கேள்வி என்னும் அதிகாரம் நிற்பதை மறந்தவராவர். கல்லாதவனாயினும் கேட்டறிக என்று ஆண்டு வற்புறுத்தப்படுகிறது. கண்பார்வையின்றிப் பிறந்த அந்தகக்கவி வீரராகவர், முதுகில் விரலால் எழுதிக் காட்டப்பெற்று எழுத்தறிந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. பார்வையின்மை வேறு, வாசிப்பு இடர்ப்பாடு வேறு. ஆயினும் ஏட்டை நோக்கிப் படிக்க இயலாமையைப் புலமையின்மையாகத் தமிழ் மரபு கொள்ளவில்லை என்பதற்கு அவர் சான்றாவார்.

3. தமிழெழுத்தில் இடர் தோன்றும் இடங்கள்

எழுத்து என்னும் சொல் ஒலியையும் வடிவையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியர் இவ்விரண்டையும் வேறுபிரித்து உணர்ந்தவர். பிறப்பியலில் ஒலி தோன்றுமாற்றையும், நூன்மரபில் மெய்யும் எகர ஒகரங்களும் புள்ளி பெறுமாற்றையும் கூறினார். வாசிப்பு இடர்ப்பாடு ஒலியில் மட்டுமோ வடிவில் மட்டுமோ உள்ளதன்று. இரண்டும் கூடும் இடத்தில் உள்ளது. ஆதலின் இவ்விடர்ப்பாட்டை ஆராயத் தமிழிலக்கணம் அறிந்தோர் தகுதியுடையவர். அவர் ஈடுபடாதவிடத்து, ஆங்கிலத்திற்கென அமைந்த ஆய்வுகளின் முடிவுகளே தமிழ்ச் சிறார்மீது சுமத்தப்படும்.

ஆங்கிலத்தில் ஓரெழுத்துப் பல ஒலி பெறும். ஓரொலி பல எழுத்துகளால் எழுதப்படும். தமிழில் அவ்வாறன்று. ககரம் முதலிய வல்லெழுத்துகள் ‘கல்’, ‘மகன்’, ‘பங்கு’ என இடத்திற்கேற்ப ஒலி வேறுபடினும், அவ்வேறுபாடு பெரும்பாலும் இடம் நோக்கி அமைவது. இவ்வொழுங்கால் தமிழில் இவ்விடர்ப்பாடு இல்லை என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பிழையாகும். இத்தாலிய மொழியும் எழுத்தொழுங்கு மிக்கதே. எரால்டோ பவுலேசு என்பாரும் உடனாய்வாளரும் 2001ஆம் ஆண்டில் இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் இவ்விடர்ப்பாடுடையோரை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். படிக்குங்கால் மூளையில் காணப்பட்ட குறை மூவர்க்கும் ஒன்றாயிருந்தது. ஆயின் இத்தாலியர் ஏனையோரினும் பிழை குறையப் படித்தனர். இதனால், ஒழுங்கான எழுத்து இடரை நீக்காது மறைக்கிறது என்பது பெறப்படும். தமிழ்ச் சிறுவன் பிழைபடப் படித்தலினும் மெல்லப் படித்தலால்தான் அறியப்படுவான். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் அவனைக் காணாது விடுவர். மெல்லப் படித்தலைக் கண்டவரோ மந்தன் என்பர்.

மேலும், தமிழெழுத்து முழுவதும் எளிதென்று கூறவும் இயலாது. உயிர், மெய், ஆய்தம் என்னும் முப்பத்தொன்றோடு உயிர்மெய் 216 கூட 247 வடிவங்கள் கற்கப்பட வேண்டியன. நம் மொழிக்கு இனமாகிய கன்னடத்தில் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்து முறைகளில் வடிவங்களை முற்றக் கற்பதற்கு ஆங்கில நெடுங்கணக்கினும் நெடுங்காலம், பல வகுப்புகள், வேண்டும் எனக் காட்டிற்று. தமிழில் இடர் மிகும் இடங்களாகப் பின்வருவனவற்றைச் சுட்டலாம்.

ஒலிமுறையும் வரிமுறையும் மாறுதல் ஒன்று. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது இலக்கணம். ஆயின் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன் நிற்கிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஒலியைக் கூறுபடுத்தலிலேயே இடர்ப்படும் சிறுவனுக்கு இம்மாற்றம் இரட்டைச் சுமை. ‘கௌ’ என்பதன் இறுதிக் குறியும் ளகரமும் ஒத்திருத்தல் இதனோடு சார்த்தி எண்ணத்தக்கது.

உகரக் குறிகள் ஒரு தன்மையவாக அமையாமை மற்றொன்று. ‘கு’, ‘சு’, ‘து’ என்னும் மூன்றையும் ஒப்பிடின், ஒரே உயிர் மூன்று வடிவு கொண்டமை விளங்கும். விதியால் உணரும் வழியின்றி, ஒவ்வொன்றாக நினைவிற் கொள்ள வேண்டியிருத்தலின் இங்கு இடர் மிகும்.

சுழியின் எண்ணிக்கையாலும் சிறு கோட்டாலும் மட்டும் வேறுபடும் எழுத்துகள் பிறிதொன்று. ‘ன’வும் ‘ண’வும், ‘எ’யும் ‘ஏ’யும், ‘கி’யும் ‘கீ’யும் இத்தகையன.

வரிவடிவம் மாற்றவியலாத ஒன்றன்று என்பதையும் வரலாறு காட்டுகிறது. ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அருகிய காலத்தில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபட்டில. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றிற்கு வேற்றுமை அமைத்தார். ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘ணை’, ‘லை’ முதலிய 13 எழுத்துகள் தனி வடிவு பெற்றிருந்தன. பெரியார் 1935 முதல் தம் இதழிற் கையாண்ட சீர்மையைத் தழுவித் தமிழ்நாட்டு அரசு 1978இல் அவற்றை ஒழுங்குபடுத்திற்று. நினைவிற் கொள்ளவேண்டிய விலக்குகள் 13 குறைந்தமை படிக்கத் தடுமாறும் சிறார்க்கும் நன்மையே.

இவ்விடத்தே சுவடி பதிப்பிப்போர்தம் பட்டறிவு ஓர் உவமையாகும். புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலையைப் படிக்கும் புலவர், இது குறிலோ நெடிலோ, மெய்யோ உயிர்மெய்யோ எனத் தயங்கித் தயங்கியே படிப்பர். ஒரு வரிக்கு ஒரு நாழிகையும் செல்லும். அவரை யாரும் மந்தர் என்னார், நுண்ணியர் என்பர். பிறர்க்கு எளிதாகத் தோன்றும் அச்சுப்பக்கம் இச்சிறுவனுக்கு அத்தகைய ஓலையாக அமைகிறது. அவன் தயக்கம் அறிவின்மையின் அடையாளம் அன்று. அவன் மேற்கொள்ளும் உழைப்பின் அடையாளம்.

4. காரங்காட்டை நோக்கிய ஆய்வு

மேற்கூறியவற்றைத் தமிழகத்து ஊர் ஒன்றில் வைத்து நோக்குதல் தெளிவு தரும். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே பாக் விரிகுடாக் கரையில் அமைந்த காரங்காடு, மீன்பிடித் தொழிலுக்கும் அலையாத்திக் காடுகளுக்கும் பெயர் பெற்றது. வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில், உப்பங்கழி வழியே வருவோரைப் படகில் அழைத்துச் சென்று காட்டையும் பறவையையும் காட்டுகின்றனர். இத்தகைய நெய்தல் நிலத்து ஊரில் அறிவின் பெரும்பகுதி செவிவழியும் கைவழியும் பயிலப்படுகிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் பெயரும், அவ்வக் காற்றில் கடலின் நிலையும், வலையின் வகையும் ஏட்டில் எழுதிக் கற்பிக்கப்படுவன அல்ல. நன்னூல் போற்றிய கேள்விக் கல்வி இங்கு வாழ்கிறது எனலாம்.

இத்தகைய ஊர்ப் பள்ளியில் ஒரு சிறுவன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கத் தடுமாறுகின்றான் எனக் கொள்வோம். காரணம் மூன்றனுள் ஒன்றோ பலவோ ஆகலாம். அவற்றைப் பிரித்தறிதலே ஆசிரியர் கடமை.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு முதற்காரணம். ‘வர்றான்’ எனப் பேசுவோன் ‘வருகிறான்’ எனப் படிக்க வேண்டும். ‘சோழகம்’ என்பதைச் ‘சோளகம்’ என ஒலிப்பவன் ளகரமிட்டே எழுதுவான். இம்மயங்கொலிப் பிழை அவன் ஒருவனுக்கே உரியதன்று; உடன்பயில்வோர் பலரிடமும் காணப்படும். லகர ளகர ழகரமும், ரகர றகரமும், நகர ணகர னகரமும் தம்முள் மயங்கும் பிழைகள் அனைத்தும் இவ்வகையின. இவற்றைக் கொண்டு இடர்ப்பாட்டை முடிவு செய்தல் தவறு. ஆயின் ‘மரம்’ என்பதை ‘மம்’ என எழுத்து விடுத்தும், ‘பாடம்’ என்பதை ‘படாம்’ எனக் குறியிடம் மாற்றியும், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூவகையாகவும் ஒருவன் தொடர்ந்து எழுதுவானாயின், அது பேச்சு வழக்கால் நேர்ந்ததன்று.

கற்பித்தல் போதாமை இரண்டாங் காரணம். வருகை குறைதலாலும், வீட்டில் நூலின்மையாலும் பின்தங்கிய சிறுவன், சில திங்கள் முறையாகக் கற்பித்த அளவில் விரைந்து முன்னேறுவான். அவ்வாறு கற்பித்தும் முன்னேற்றம் மிகச் சிறிதாயின் மூன்றாங் காரணமாகிய வாசிப்பு இடர்ப்பாட்டை எண்ண வேண்டும். கேட்டுக்கூறும் திறனும் படித்துக்கூறும் திறனும் பெரிதும் வேறுபடுதல் தெளிவான குறிப்பு. ஒரு பத்தியைப் படித்துக்காட்டி வினவினால் நன்கு விடையிறுப்போன், அத்தகைய பத்தியைத் தானே படிக்குங்கால் பொருளறியாது மயங்குவானாயின், குறை அறிவில் இல்லை என்பது உறுதி. கண்ணையும் காதையும் முதற்கண் ஆய்ந்து கொள்ளுதல் இன்றியமையாதது.

செவிக்கல்வி சிறந்தது எனின், எழுத்தறிவு இவர்க்கு வேண்டாவோ எனின், வேண்டும் என்க. வாய்மொழி அறிவைப் போற்றுவார் போலப் பேசி, மீனவர் மகனுக்கு எழுத்து எதற்கு என்பது கொடுமை. படகுப் பதிவு, காப்பீடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, வானிலை எச்சரிக்கை என இன்று கடல்தொழிலும் தாளில் நிற்கிறது. கையொப்பமிடும் முன் தாளைப் படித்தறிய இயலாதவன் பிறர் சொல்லையே நம்பி வாழ வேண்டியவனாவான்.

5. கற்பிக்கும் முறை

கற்பித்தலைப் பற்றி அறிஞர் வகுத்த நெறிகளுட் பல நம் மரபிற்குப் புதியன அல்ல. திண்ணைப் பள்ளிகளில் சிறார் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினர். இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், தாம் கண்காணித்த ஆண் அனாதை இல்லத்தில் அதனைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். கற்ற மாணவர் கல்லாதவர்க்குக் கற்பிக்கும் முறையும் அவர் நூலால் அங்குப் பரவிற்று. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் வழிவந்தோரும் கிரேஸ் பெர்னால்டும் கண், காது, கை ஆகிய பல புலன்களையும் ஒருங்கே பயன்படுத்தும் கற்பித்தலை வளர்த்தனர். விரலால் வரைந்து கற்றல் அதன் ஒரு கூறு. ஆயினும் திண்ணைப் பள்ளியின் பிரம்பும் நாம் அறிந்ததே. மணலைக் கொண்டு பிரம்பைத் தள்ளுதல் அறிவுடைமை. மணலில் எழுதுதல் மட்டுமே போதும் என்பதும் பொருந்தாது. ஒலிக்கும் வடிவிற்கும் உள்ள இயைபை வரிசைப்படக் கற்பித்தலே உயிராயது.

தமிழ்க் கற்பித்தலுக்கு இதனாற் பெறப்படும் நெறிகள் சில. முதற்கண் ஏடின்றி ஒலிப்பயிற்சி வேண்டும்: ‘கடல்’ என்பதைக் க–ட–ல் எனக் கைதட்டிப் பிரித்தலும், முதலொலியை நீக்கின் எஞ்சுவது யாது எனக் கேட்டலும் போல்வன. அடுத்து, 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்யாமல், சில எழுத்துகளைக் கற்பித்து அவற்றாலாகும் சொற்களை உடனே படிப்பித்தல் வேண்டும். உயிர்க்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்கானவற்றை முன்னும் உகரம் போன்ற ஒழுங்கற்றவற்றைப் பின்னும் வைத்தல் நன்று. எகர ஐகாரக் குறிகளைக் கற்பிக்குங்கால், முன் எழுதப்படினும் பின் ஒலிக்கும் என்பதை வேறு வண்ணத்தில் எழுதிக் காட்டலாம். ‘ன’, ‘ண’ ஆகியவற்றை ஒரே நாளிற் கற்பித்தலாகாது; ஒன்று நிலைபெற்ற பின்னரே மற்றொன்று வேண்டும். வகுப்பின் நடுவே எழுந்து உரக்கப் படிக்குமாறு இவனை வற்புறுத்தலாகாது. வரலாறும் அறிவியலும் அறிந்தனனா என்பதை வாய்மொழியால் தேர்ந்தறிதல் வேண்டும்.

நன்னூல் இங்கும் துணை செய்யும். ஆசிரியன் உரைத்ததனால் காற்கூறும், உடன்பயில்வோரோடு பழகுதலால் காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் அரைக்கூறும் புலமை நிரம்பும் என்பது அதன் கணக்கு. இம்மூன்றனுள் எதுவும் கண்ணால் விரைந்து படித்தலைச் சாராது. எனவே, படித்தல் பயிற்சி ஒருபுறம் நடக்க, இம்முக்கூற்றாலும் இவன் பொருளறிவு குன்றாமல் வளரலாம். படிக்கக் கற்கும் வரை அறிவு காத்திருக்க வேண்டுவதில்லை.

6. தமிழ்த்துறைகளின் கடமை

சென்னையில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்துறையில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்துப் பணியாற்றி வருகிறது. 2022இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என அவர்தம் கற்றல் நிலைக்கேற்பக் குழுவாக்கிக் கற்பிக்க வழி செய்தது. எருமை, நெய்யரி என்பவற்றினும் அரும்பு என்னும் பெயர் எத்துணை உயர்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அரும்பு மலராதென்று யாரும் துணிவதில்லை. ஆயினும், கற்பித்தற் போதாமையால் அரும்பு நிலையில் நிற்பவனையும், வாசிப்பு இடர்ப்பாட்டால் நிற்பவனையும் அப்பெயர் தானே பிரித்துக் காட்டாது. அதற்குத் தமிழ்மொழிக்கென அமைந்த அளவுகோல் வேண்டும்.

உரிய சான்று பெற்ற மாணவர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் துணை, ஒரு மொழித்தாளில் விலக்கு ஆகிய சலுகைகள் உள. இவை வேண்டியனவே. ஆனால் தமிழ்த்தாளை விலக்கியதோடு தமிழே விலகிவிடுமாயின் இழப்புப் பெரிது. தேர்வில் விலக்குப் பெற்றவனுக்கும் செய்யுளைக் கேட்டு இன்புறும் உரிமை உண்டு. கேட்டு நெஞ்சிற் கொள்ளுதற்கென்றே ஓசையால் யாக்கப்பட்டது தமிழ்ச் செய்யுள். விலக்கு தேர்வுத்தாளுக்கு ஆகுக, மொழிக்கு ஆகற்க.

தமிழ்த்துறைகள் செய்யவேண்டுவன சில உள. எவ்வகுப்புச் சிறுவன் எவ்விரைவில், எவ்வகைச் சொற்களைப் படிப்பான் என்பதற்குத் தமிழகத்தின் பல வட்டார மாணவரிடமிருந்தும் அளவைகள் தொகுத்தல். எழுத்தமைப்பின் எளிமை, அருமை நோக்கிச் சொற்பட்டியல்களை வகுத்தல். மயங்கொலிப் பிழையையும் வாசிப்பு இடர்ப்பாட்டுப் பிழையையும் விடைத்தாள்கள் கொண்டு பிரித்தாராய்தல். முதுகலை மாணவர்க்கு எழுத்தியலோடு எழுத்தறிதலின் இயலையும் பாடமாக வைத்தல். சென்னையில் உள்ள மாணவனின் பேச்சைக் கொண்டு அமைத்த அளவுகோல் காரங்காட்டுச் சிறுவனுக்குப் பொருந்தாது. ஆதலின் நெய்தல் நிலத்து வழக்கும் அதனுட் சேர்தல் வேண்டும். இப்பணிகளுக்கு மருத்துவரும் உளவியலாரும் துணையாவர்; எழுத்தின் இயல்பறிந்தோர் இன்றி அவராலும் நிறைவேற்ற இயலாது.

இதுகாறும் கூறியவாற்றால், நன்னூலின் மாணாக்கர் பகுப்பு கேள்விக் கல்விக்கு உரியதென்பதும், படிக்கத் தடுமாறும் சிறுவனை மந்தன் எனல் அந்நூலின் கருத்துக்கே மாறானதென்பதும், பகுப்பினும் பாடஞ்சொல்லும் விதியே போற்றத்தக்கதென்பதும், தமிழெழுத்தின் ஒழுங்கு இவ்விடர்ப்பாட்டை மறைத்தலின் அதனைக் காணும் பொறுப்புத் தமிழாசிரியர்க்கு மிகுதியென்பதும் பெறப்பட்டன. கொள்பவன் கொள்ளும் வகையை அறிதல் ஆசிரியன் கடன் என்று விதித்த நூலைக் கற்றவர், அதனை அறியுமுன் அவனுக்குப் பெயரிடுதல் ஒழிக.